குறிகாட்டி உண்மையில் எதைத் தொடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிகாட்டி என்றால் என்ன?

கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை, பார்க்க முடிகிற இன்னொன்றைக் கொண்டு தெரிந்துகொள்கிறோம். அந்த இன்னொன்றுதான் குறிகாட்டி. ஒரு கரைசலில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது, அதாவது அது எவ்வளவு அமிலத்தன்மை கொண்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதில் நனைத்த தாளின் நிறம் தெரியும். ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் யாரும் ஓரிடத்தில் நின்று பார்த்துவிட முடியாது. மாதம் ஒருமுறை வரும் சில எண்களைப் பார்க்கலாம்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும். குறிகாட்டி எதைப் பற்றிச் சொல்கிறது என்பது ஒன்று. அது உண்மையில் எதைத் தொட்டுப் பார்க்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி எவ்வளவு, எப்போது பெரிதாகும் என்று தெரிந்தவருக்குக் குறிகாட்டி நல்ல துணை. தெரியாதவரை அது நம்பவைத்துக் கெடுத்துவிடும்.

காட்டி, நிறங்காட்டி, குறியீட்டெண், இண்டிகேட்டர் எல்லாம் ஒன்றா?

ஒரே குடும்பம் என்று சொல்லலாம். வேதியியலில் நிறம் மாறிக் காட்டும் பொருளை நிறங்காட்டி அல்லது வெறுமனே காட்டி என்கிறோம். சமூக, பொருளாதாரத் துறைகளில் குறிகாட்டி என்ற சொல் நிலைத்துவிட்டது. பல குறிகாட்டிகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் அது குறியீட்டெண். பங்கு வர்த்தகம் செய்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் இண்டிகேட்டர் என்றே சொல்கிறார்கள்; அதை மாற்றிச் சொன்னால்தான் குழப்பம். மருத்துவத்தில் நோயாளி தானே உணர்ந்து சொல்வது அறிகுறி. கருவியும் ஆய்வகமும் சொல்வது அளவீடு. மருத்துவர் இரண்டையும் குறிகாட்டியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்.

அப்படியானால் எல்லா அளவீடும் குறிகாட்டிதானா?

இல்லை. மேசையின் நீளம் 120 சென்டிமீட்டர் என்றால் அது அளவீடு, அவ்வளவுதான். அந்த எண்ணை வேறொன்றுக்குச் சாட்சியாக நிறுத்தும்போது அது குறிகாட்டி ஆகிறது. குழந்தையின் உயரம் ஓர் அளவீடு. வயதுக்கு ஏற்ற உயரம் இருக்கிறதா என்று பார்த்து, அதிலிருந்து நெடுநாள் ஊட்டக்குறைவு உண்டா என்று ஊகிக்கும்போது அதே உயரம் குறிகாட்டி.

வேதியியலில் நிறங்காட்டி எப்படி வேலை செய்கிறது?

நிறங்காட்டிகளில் பெரும்பாலானவை தாமே வலுக்குறைந்த அமிலம் அல்லது காரம். ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து வைத்திருக்கும்போது அந்த மூலக்கூறுக்கு ஒரு நிறம், விட்டுவிட்டால் வேறு நிறம். கரைசலில் ஹைட்ரஜன் அயனி நிறைய இருந்தால் பிடித்துக்கொண்ட வடிவம் மிகுந்திருக்கும், குறைந்தால் விட்டுவிட்ட வடிவம் மிகும். நாம் பார்ப்பது அந்த மாற்றத்தைத்தான்.

இந்த வழி பழையது. ராபர்ட் பாயில் 1664-ல் வெளியிட்ட நூலில் ஊதாப்பூச் சாற்றை எடுத்து, அமிலத்தில் அது சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை எழுதியிருக்கிறார். லிட்மஸ், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்களிலிருந்து எடுக்கப்படும் சாயம். பீனாப்தலீன் என்ற நிறங்காட்டியை அடால்ஃப் ஃபான் பேயர் 1871-ல் உருவாக்கினார். அமில, கார அளவை எண்ணால் சொல்லும் பிஹெச் அளவுகோல் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) வந்தது 1909-ல், கோபன்ஹேகனில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன் என்பவரிடமிருந்து. அதாவது நிறம் முதலில் வந்தது, எண் அப்புறம்தான் வந்தது.

எந்தத் தரம்பார்த்தலுக்கு எந்த நிறங்காட்டி?

மாணவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது, நின்று பார்க்க வேண்டிய கேள்வியும்கூட. தரம்பார்த்தல் என்றால், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றில் எவ்வளவு அமிலமோ காரமோ இருக்கிறது என்று கண்டறிவது.

ஒவ்வொரு நிறங்காட்டிக்கும் தன் எல்லை உண்டு. மெத்தில் ஆரஞ்சு பிஹெச் 3.1-க்குக் கீழே சிவப்பு, 4.4-க்கு மேலே மஞ்சள். பீனாப்தலீன் ஏறக்குறைய 8.2 வரை நிறமில்லாமல் இருக்கும், அப்புறம் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும், 10-ல் நிறம் நன்றாக ஏறிவிடும். இந்த எல்லைக்கு வெளியே என்ன நடந்தாலும் அவற்றுக்குத் தெரியாது.

வலுவான அமிலமும் வலுவான காரமும் சந்திக்கும்போது, முடிவுப் புள்ளிக்கு அருகில் ஒரே சொட்டில் பிஹெச் 4 அருகிலிருந்து 10 அருகில் தாவிவிடும். அங்கே இரண்டில் எதைப் போட்டாலும் சரியாக வரும். ஆனால் அசிட்டிக் அமிலம் போன்ற வலுக்குறைந்த அமிலத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேரும்போது நடுநிலையாக்கல் முடியும் இடம் 7-க்கு மேலே, 8 அல்லது 9 பக்கம் விழுகிறது. அங்கே மெத்தில் ஆரஞ்சைப் போட்டால் வேலை முடிவதற்கு வெகு முன்பே நிறம் மாறிவிடும். மாறிய நிறம் பொய் இல்லை. பிஹெச் 4-ஐத் தாண்டியது உண்மைதான். நாம் கேட்ட கேள்வி அது இல்லை, அதுதான் சிக்கல்.

இன்னொன்று: பிஹெச் 13-ஐத் தாண்டிய கடும் காரத்தில் பீனாப்தலீன் மறுபடியும் நிறமிழந்துவிடும். நிறமே இல்லை, எனவே அமிலம் என்று முடிவெடுத்தால் தலைகீழாகத் தவறு செய்திருப்போம்.

ஏன் இரண்டு சொட்டு மட்டும்? அதிகம் ஊற்றினால் நிறம் நன்றாகத் தெரியுமே?

நிறங்காட்டி தானே ஓர் அமிலம் அல்லது காரம் என்று மேலே சொன்னேன். நிறைய ஊற்றினால் நீங்கள் சேர்க்கும் காரத்திலோ அமிலத்திலோ ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். எதைக் காட்ட வந்ததோ அதையே மாற்றிவிடும். இந்தச் சிறிய விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இதே பிரச்சினை பள்ளித் தேர்விலும் நிறுவன இலக்கிலும் வேறு உருவத்தில் வருகிறது. அதைக் கீழே பார்க்கலாம்.

மருத்துவத்தில் குறிகாட்டிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம் நான்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. இவை நோயின் பெயரைச் சொல்லாது; கவனி என்று சொல்லும்.

கொஞ்சம் ஆழமான உதாரணம் எச்பிஏ1சி என்ற நீரிழிவுச் சோதனை. இது ரத்தச் சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டின் மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி அதில் பதிந்திருக்கும். 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு என்று கொள்கிறார்கள். ஆனால் ஏதோ காரணத்தால் ஒருவரின் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்துகொண்டிருந்தால், சர்க்கரை ஒட்டுவதற்கு நேரமே இருக்காது. எண் குறைவாக வரும், ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்காது.

ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இப்படித்தான். அது தொடுவது ஒளியை: சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் ரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் இந்தக் கணக்கில் ஆக்சிஜன் ஏறியதைப் போலவே தெரியும். புகை சூழ்ந்த அறையிலிருந்து மீட்கப்பட்டவரின் விரலில் நல்ல எண் வந்தால் நிம்மதி அடையக் கூடாது என்பது அதனால்தான். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டுவதும் உண்டு.

பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்) பற்றி ஒரு வரி: எடையையும் உயரத்தையும் மட்டும் பார்க்கும் கணக்கு அது. தசைக்கும் கொழுப்புக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. 19-ம் நூற்றாண்டில் அடால்ஃப் கெட்லே இந்த விகிதத்தைக் கண்டுசொன்னது மக்கள்தொகையின் சராசரியை ஆராயத்தான், தனி மனிதரைச் சோதிக்க இல்லை.

எண் சரியாகிவிட்டால் நோயும் சரியாகிவிட்டது என்று கொள்ளலாமா?

கூடாது. இதற்கு மருத்துவ வரலாற்றில் கசப்பான பாடம் ஒன்று இருக்கிறது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில், இதயத்தில் இடையிடையே தப்புத் துடிப்பு வருபவர்கள் பின்னர் திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தது. எனவே அந்தத் தப்புத் துடிப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் உயிர் காக்கலாம் என்பது இயல்பாகத் தோன்றியது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் துடிப்பை நன்றாகவே அடக்கின. இசிஜியில் பார்த்தால் முன்னேற்றம் கண்கூடு.

உயிர் காக்கிறதா என்று நேரடியாகப் பார்க்க அமெரிக்காவில் பெரிய சோதனை ஒன்று நடத்தினார்கள். 1989-ல் அந்த மருந்துகளைக் கொடுப்பதை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. 1991-ல் வெளியான முழு அறிக்கையின்படி, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். குறிகாட்டி சீரானது, மனிதர்கள் இறந்தார்கள். தப்புத் துடிப்பு ஆபத்தின் அடையாளம்தான். அடையாளத்தை அழித்ததால் ஆபத்து போய்விடவில்லை.

உயிரினங்களைக் குறிகாட்டிகளாகப் பயன்படுத்துகிறார்களாமே?

ஆமாம். லைக்கனுக்கு வேர் கிடையாது, தன்னை மூடிக்காக்கும் மேல்தோலும் கிடையாது. தேவையானதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் அப்படியே உறிஞ்சுகிறது; கந்தக டை ஆக்சைடு வந்தால் அதையும் சேர்த்து. வில்லியம் நைலாண்டர் 1866-ல் பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் வளரும் லைக்கன்களைப் பற்றி எழுதி, காற்றின் தூய்மையை அவற்றைக் கொண்டு அறியலாம் என்று காட்டினார். ஆய்வகத்து லிட்மஸ் வருவதும் லைக்கனிலிருந்து என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே உயிர்க் கூட்டம் இரண்டு துறைகளுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

சுரங்கத்துக் கேனரிக் குருவியும் பலருக்குத் தெரிந்த உதாரணம். சிறிய உடல், வேகமான வளர்சிதை மாற்றம், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலில் புதுக்காற்று ஓடும் அமைப்பு. எனவே கார்பன் மோனாக்சைடு மனிதரைச் சாய்ப்பதற்கு முன் குருவியைச் சாய்த்துவிடும். ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890-களில் இந்த யோசனையைச் சொன்னார். பிரிட்டனில் 1986 வரை சுரங்கங்களில் குருவிகள் இருந்தன, பிறகு அந்த இடத்தை மின்னணுக் கருவிகள் எடுத்துக்கொண்டன.

ஓடையில் என்றால் கற்களைப் புரட்டி அடியில் என்ன பூச்சி இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆக்சிஜன் குறைந்தால் தாங்காத பூச்சிகளின் இளம்பருவம் அங்கே இருந்தால் தண்ணீர் நெடுநாளாகவே நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒருநாள் எடுத்த தண்ணீர் மாதிரி அந்த ஒருநாளைத்தான் சொல்லும். பூச்சி பல மாதக் கதையைச் சொல்லும்.

குடிநீரில் ஈ.கோலை இல்லை என்றால் தண்ணீர் பாதுகாப்பானதா?

ஈ.கோலை மனித, விலங்குக் குடலில் வாழும் பாக்டீரியா. அது தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், கூடவே வேறு நோய்க்கிருமிகளும் வந்திருக்கலாம். எனவே 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மிகப் பயனுள்ள சோதனை, நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் மறுபக்கம் அப்படியே பொருந்தாது. குளோரின் ஈ.கோலையை எளிதில் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினைத் தாங்கிப் பிழைக்கும். 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அதுதான் நடந்தது. சுத்திகரித்த தண்ணீர் அன்றைய பாக்டீரியா விதிகளுக்கு உட்பட்டே இருந்தது, இருந்தும் ஏறக்குறைய 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது வேறொரு குறிகாட்டி: சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரின் கலங்கல் வழக்கத்தைவிட ஏறியிருந்தது.

பொருளாதாரத்தில் முன்னோடி, பின்தங்கும் குறிகாட்டிகள் என்றால் என்ன?

காலத்தைப் பொறுத்த பிரிவு. பொருளாதாரம் திரும்புவதற்கு முன்பே திரும்புபவை முன்னோடி: புதுக் கட்டடங்களுக்கான அனுமதிகள், தொழிற்சாலைகளுக்கு வரும் புது ஆர்டர்கள். கூடவே நகர்பவை உடன்நிகழ்: தொழில் உற்பத்தி. அப்புறமாக வருபவை பின்தங்குபவை: வேலையின்மை விகிதம். வியாபாரம் குறைந்த உடனே யாரும் ஆளைக் குறைப்பதில்லை, கூடிய உடனே ஆளை எடுப்பதுமில்லை. அதனால் அது தாமதமாகத்தான் நகரும். இப்படிக் குறிகாட்டிகளைத் திரட்டி ஆராயும் வேலையை வெஸ்லி மிட்செலும் ஆர்தர் பர்ன்ஸும் 1938-ல் அமெரிக்காவில் தொடங்கிவைத்தார்கள்.

ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) வளர்ந்தால் மக்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

தேசிய வருமானக் கணக்குக்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்னெட்ஸ் 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே எச்சரித்துவிட்டார்: வருமான அளவைக் கொண்டு நாட்டின் நலனை ஊகித்துவிட முடியாது என்று. ஜிடிபி தொடுவது விலைபோன பொருளையும் சேவையையும். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் மகளின் உழைப்பு அதில் இல்லை. அதே வேலைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் வந்துவிடும். வருமானம் யாருக்குப் போனது என்பதும் அதில் தெரியாது.

இந்தக் குறையைப் பார்த்துத்தான் பாகிஸ்தான் பொருளாதார வல்லுநர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியில், அமர்த்தியா சென்னின் பங்களிப்போடு, 1990-ல் மனித மேம்பாட்டுக் குறியீட்டெண் வந்தது. வாழ்நாள், கல்வி, வருமானம் மூன்றையும் அது சேர்க்கிறது. 2010-லிருந்து மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்காமல் பெருக்கல் சராசரி எடுக்கிறார்கள். ஒன்றில் மிகவும் பின்தங்கினால் மற்றதில் முந்தி எளிதாக ஈடுகட்டிவிட முடியாது என்பதற்காக. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

வேலையின்மை விகிதம் குறைந்தால்?

வேலை இல்லாமல், வேலைக்குத் தயாராக இருந்து, தேடிக்கொண்டும் இருப்பவர்தான் அந்தக் கணக்கில் வருவார். தேடித் தேடிச் சலித்து விட்டுவிட்டவர் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார், விகிதமும் குறைகிறது. எனவே எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பங்குச் சந்தை இண்டிகேட்டர்களை நம்பலாமா?

நகரும் சராசரி, எம்ஏசிடி (இரண்டு நகரும் சராசரிகளின் வேறுபாடு), ஆர்எஸ்ஐ எல்லாம் கடந்த விலையிலிருந்து கணக்கிடப்படுபவை. வெல்ஸ் வைல்டர் 1978-ல் கொடுத்த ஆர்எஸ்ஐ, வழக்கமாகக் கடந்த 14 நாள் ஏற்ற இறக்கத்தை 0 முதல் 100 வரையான எண்ணாக்குகிறது. 70-க்கு மேல் போனால் அதிகம் வாங்கப்பட்டது என்றும், 30-க்குக் கீழே போனால் அதிகம் விற்கப்பட்டது என்றும் வாசிப்பார்கள்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, ஐந்து இண்டிகேட்டர் ஒரே பக்கம் காட்டினால் ஐந்து சாட்சி கிடைத்ததாக நினைப்பது. ஐந்தும் ஒரே விலை வரிசையைத்தான் தொடுகின்றன. ஒரே ஆள் ஐந்து குரலில் பேசினால் ஐந்து சாட்சி ஆகாது.

நிறுவனங்களில் கேபிஐ (செயல்திறனை அளக்கும் முக்கியக் குறிகாட்டி) வைத்தால் ஏன் சில நேரம் வேலை கெட்டுப்போகிறது?

அளவை இலக்காக்கிவிட்டதால். பொருளாதார வல்லுநர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது சொன்ன கருத்து இது: ஒரு புள்ளிவிவர ஒழுங்கைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். மானிடவியலாளர் மாரிலின் ஸ்ட்ரத்தர்ன் 1997-ல் அதை எல்லாத் துறைக்கும் பொருந்தும்படி சுருக்கினார்: அளவு இலக்கானால் அது நல்ல அளவாக இருப்பதில்லை.

வாடிக்கையாளர் அழைப்பை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்ப்பது நியாயமான குறிகாட்டி. அதற்குப் பரிசும் தண்டனையும் வைத்தால், பிரச்சினை தீராமலே அழைப்பு முடியும். அதே ஆள் மறுபடி அழைப்பார். அழைப்பு எண்ணிக்கையும் உயரும். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், தேர்வுக்கு வரும் பகுதி மட்டும் நடத்தப்படும். இரண்டு சொட்டுக்குப் பதில் பாட்டிலையே கவிழ்த்த கதைதான். இதற்காக யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். தன் பிழைப்பு எந்த எண்ணில் தொங்குகிறதோ அதை மனிதர் கவனிக்கத்தான் செய்வார்.

இயந்திரத்தில் எரியும் விளக்கு பொய் சொல்லுமா?

28 மார்ச் 1979, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் ஏறியபோது ஒரு வால்வு தானாகத் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ளும்படி கட்டளை போனது. கட்டுப்பாட்டு அறையில் விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த விளக்கு வால்வைத் தொடவே இல்லை. வால்வை இயக்கும் மின்சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும் தொட்டது. மின்சாரம் நின்றது, விளக்கு அணைந்தது, வால்வோ திறந்தபடியே சிக்கிக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் தனிக் கலத்தின் நீர்மட்டக் கருவி வேறு உயர்ந்த அளவைக் காட்டியது. உலைக்குள் நீர் குறைவதை நேரடியாகக் காட்டும் கருவி இல்லை. நீர் மிகுந்துவிட்டது என்று நினைத்து அவசர நீர்ப் பாய்ச்சலைக் குறைத்தார்கள். உலையின் உள்ளகத்தில் ஏறக்குறைய பாதி உருகியது. வால்வுக்குப் பின்னால் உள்ள குழாயின் வெப்பம் உயர்ந்திருந்ததும் தெரிந்தது, ஆனால் அந்த வால்வு முன்பிருந்தே லேசாகக் கசிந்துகொண்டிருந்ததால் அதை வழக்கமான ஒன்றாக எண்ணிவிட்டார்கள்.

எந்த விளக்கைப் பார்த்தாலும் நான் இந்த நிகழ்வை நினைத்துக்கொள்வேன். கட்டளை போனதைக் காட்டுகிறதா, வேலை நடந்ததைக் காட்டுகிறதா?

எத்தனை குறிகாட்டிகள் போதும்?

வேலையைப் பொறுத்தது. ஐக்கிய நாடுகள் 2015-ல் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கு 230-க்கு மேல் குறிகாட்டிகள் உண்டு. உலகம் முழுவதற்கும் அது நியாயம். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு மூன்று நான்கு போதும், அவை வெவ்வேறு இடத்தைத் தொட வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுவதும் ஒரே சீராக வெந்தால்தான் அது செல்லும்.

ஒரு குறிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

அது நேரடியாக எதைத் தொடுகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை. அப்புறம், தொடுவதற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே என்னென்ன புகுந்து கெடுக்கலாம் என்று யோசியுங்கள்: சிவப்பணுவின் ஆயுள், குளோரின், மின்சுருள். எந்த எல்லைக்குள் அது செல்லும், எவ்வளவு தாமதமாக வரும், அதற்குப் பரிசு வைத்தால் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதெல்லாம் அடுத்து. கடைசியாக ஒன்று, இதைப் பலரும் கேட்பதில்லை: இந்தக் குறிகாட்டியே பழுதானால் எனக்குத் தெரியவருமா?

வண்டியின் இண்டிகேட்டர் திடீரென்று வேகமாக மின்னுகிறதே, ஏன்?

அந்தப் பக்கத்துப் பல்புகளில் ஒன்று எரிந்துபோயிருக்கலாம். பல்பு போனால் அந்தச் சுற்றில் ஓடும் மின்னோட்டம் குறையும். விளக்கை மின்னவைக்கும் ரிலே அதை உணர்ந்து வழக்கத்தைவிட வேகமாக மின்னவிடும். வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பின்பக்கத்துப் பல்பை ஓட்டுநரால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க முடியாது என்பதால் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சாதாரணப் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டாலும் மின்னோட்டம் குறைவதால் இதே வேகம் வரும். அப்போது பல்பு சரியாகத்தான் இருக்கும், ரிலேயைத்தான் மாற்ற வேண்டும். எனவே முதலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தப் பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இறங்கிப்போய் முன்னும் பின்னும் பாருங்கள்.